வாடை போன குழாய்

நீங்களே சொல்லுங்கள், நான் அலசி வைத்த குழாயை என் கண்ணெதிரிலேயே ஒருத்தி மறுபடி அலசினால் கோபம் வருமா, வராதா?

எனக்கு வந்தது.

மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் சாமான் கழுவுவது என் வேலை. அங்கே எலி மூளைச் சீவல் மேல், மெல்லிய குழாய் வழியாக ஒரு மருந்து விடுவார்கள். பள்ளிக்கூட வேதியியலில், ஆக்சிஜனைப் பிடுங்குகிற 'ஒடுக்கி' என்று படித்தோமே, அந்த இனம். பேர்தான் ஒடுக்கி. பட்டதும் மூளைச் செல்லெல்லாம் சூடான எண்ணெயில் விழுந்த கடுகாய்த் துள்ளும். அழுகிய முட்டை வாடை வேறு!

வேலை முடிந்ததும் குழாயில் அரை மணி நேரம் தண்ணீர் ஓட வேண்டும். பத்து நிமிஷத்திலேயே வாடை போய்விடும். நிறுத்திவிட்டு, குழந்தைக் காப்பகம் மூடுமுன் பிள்ளையைத் தூக்க ஓடுவேன்.

போன வாரத்திலிருந்து, நான் செருப்பு மாட்டுவதற்குள் அந்த ஆராய்ச்சி மாணவி மறுபடி தண்ணீரைத் திறந்துவிடுகிறாள்.

"நீங்க கிளம்புங்கக்கா, நான் பாத்துக்கிறேன்."

"உன் கை சுத்தமில்லேன்னு நினைக்குது போல," என்று ஸ்டோர்கார அண்ணன் ஏற்றிவிட்டார்.

"மூணு வேளையும் பிள்ளைக்கு ஊட்டுற கை அண்ணே இது! சும்மா விடுவேனா?"

நேரே பேராசிரியர் அறைக்குள் நுழைந்தேன்.

"சார், அந்தப் பொண்ணு மேல ஒரு புகார்."

"நீயுமா?" அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "மருந்து விடுறதுக்கு முன்னாடியே செல்லெல்லாம் துள்ளியிருக்கு. குழாயில பழைய மருந்து தங்கியிருக்கு. மூணு மாச வேலை குப்பை! யார் அலசினதுன்னு கேட்டேன். எழுதிக் கொடுத்திருக்கா, படி."

'வாடை போனால் சுத்தம் என்று நினைத்து, பத்து நிமிஷத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டேன். தவறு என்னுடையது.'

வாடை போனால் சுத்தம். நான் அவளிடம் பெருமையடித்துக்கொண்ட அதே வார்த்தை. எழுத்து மட்டும் அவளுடையது.

"இவ்வளவு அலட்சியமா இருக்கறவளுக்கு இங்க இடமில்லை. நாளைக்கே அனுப்பிடப் போறேன்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? காது வரை சுட்டது.

"சரி, உன் புகார் என்னம்மா?"

"புகார் என் மேலதான் சார். அந்தத் தாள்ல அவங்க பேரை அடிச்சுட்டு, என் பேரை எழுதுங்க."