வாய் தெரியாத இடம்

திரையில் அந்தத் தாய் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. அவளுக்கு முன்னால், இடிந்த சுவரடியில், மகனின் கால்கள். ஒன்றில்தான் செருப்பு இருந்தது.

பன்னிரண்டு விநாடி.

இவள் மைக்கின் முன் நின்றிருந்தாள். காதில் ஹெட்போன். காலையிலிருந்தே மனதுக்குள் ஒரு சண்டையைத் தயார் செய்து வைத்திருந்தாள்.

டப்பிங்கில் ஒரு பழக்கம் உண்டு. வாய் தெரியாத இடம் வந்தால் சும்மா விடமாட்டார்கள். ஒரு வசனத்தைச் செருகிவிடுவார்கள். சிரிப்பு வசனம் என்றால் ரொம்ப நல்லது. வெளிநாட்டுப் படம் நம் ஊரில் ஓட வேண்டாமா?

இந்த முறை விடுவதில்லை என்று வந்திருந்தாள். இந்தப் பன்னிரண்டு விநாடிக்காகத்தான் ஐம்பத்தெட்டு வயதில் சின்னப் பெண்களோடு வரிசையில் நின்று குரல் தேர்வு கொடுத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளன் ஹாரூன் பேசினான்.

"மேடம், இங்க டயலாக் கெடையாது. எதையும் சேக்கக் கூடாதுன்னு படம் எடுத்தவங்களே எழுதி அனுப்பியிருக்காங்க. மூச்சு மட்டும் குடுங்க, போதும்."

சண்டை போட ஆளில்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சுலபமா? ஒரு வரி எழுதி அனுப்பினால் முடிந்துபோகிற காரியமா?

இது ஒரு வீடியோ கேமிலிருந்து எடுத்த படம். அதே கேம் இருபது ஆண்டுகளுக்கு முன்பும் படமாக வந்தது.

அப்போது கேம் படம் என்றாலே விநியோகஸ்தர்கள் சிரிப்பார்கள். எடுத்தவர்களே அதை மதிக்கவில்லை, டப்பிங் செய்தவர்கள் மட்டும் மதிப்பார்களா? இப்போது காலம் மாறிவிட்டது. முதல் நாள் டிக்கெட் கிடைப்பதில்லை. தேம்பி அழுதேன் என்று விமர்சனம் எழுதுகிறார்கள்.

அன்றும் அந்தத் தாய்க்கு இவள்தான் குரல்.

மகன் பரிதிக்கு அப்போது பதினாறு வயது. தெருமுனை பிரவுசிங் சென்டரில் இரண்டு வருடம் அந்த கேமை ஆடியவன். அம்மாதான் பேசப்போகிறாள் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான்.

"பையன் செத்துக் கெடக்குற எடத்துல அவங்க ஒண்ணும் பேச மாட்டாங்கம்மா. நானும் எந்த பட்டனையும் அமுக்காம சும்மா உக்காந்துருப்பேன்."

சரி என்றாள்.

ஒலிப்பதிவு அன்று வசனகர்த்தாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் பையனைக் காலையில் எப்படி எழுப்புவீர்கள் என்று இவளையே கேட்டார். சொன்னாள். அதையே எழுதினார். அதையே பேசினாள். நன்றாகவும் பேசினாள்.

பரிதி சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை என்றால் அது பொய். வந்தது. மறுத்துப் பேசினால் அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்களே என்று பயந்தாள்.

தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. பரிதி பெருமையாக அழைத்து வந்திருந்த நான்கு நண்பர்களும் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து போகிறவர்கள். அவனை அவள் எப்படி எழுப்புவாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவன் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான்.

மறுநாள் காலை அவள் போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தான். அதற்கு மறுநாளும். அதன் பிறகு ஒரு நாள்கூட எழுப்பும் வேலையை அவளுக்கு வைக்கவில்லை.

படத்தை நான்காம் நாள் தூக்கிவிட்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் அவனுக்கு டெங்கு.

ஒன்பதாம் நாள் விடிகாலை, முகத்தை மூடுவதற்கு முன்னால் அவளை உள்ளே விட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வசனத்தைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பதினாறு வருடம் காலைதோறும் சொன்னது. ஒரு தியேட்டரே சிரித்தது.

பல்லைக் கடித்து விழுங்கிவிட்டாள்.

பெற்ற பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவைத்தாள்.

இப்போது மைக்கில் மூன்று முறை மூச்சு கொடுத்தாள். மூன்றாவதை ஹாரூன் வைத்துக்கொண்டான். அடுத்த காட்சிக்குப் போகாமல் தயங்கினான்.

"மேடம், பழைய படத்துல இந்த எடத்துக்கு நீங்க பேசுனது எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் மனப்பாடம். டிவில போடும்போதெல்லாம் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். எனக்காக ஒரு தடவ சொல்லுங்களேன். ரெக்கார்டிங் ஆஃப் பண்ணிட்டேன்."

நல்ல பையன். பிரியமாகத்தான் கேட்டான். சிரிப்பதற்குத் தயாராக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அவள் முடியாது என்று சொல்லத்தான் நிமிர்ந்தாள்.

நிறுத்தும்வரை அந்தத் துண்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். திரையில் தாய் மறுபடி முழந்தாளிட்டாள். மகனின் கால்கள் அசையாமல் கிடந்தன.

"எந்திரிடா கண்ணு. இட்லி ஆறிப்போவுது."

மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

ஹாரூன் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தவும் அவனுக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு விநாடி முடிந்தது. காட்சி மறுபடி முதலிலிருந்து ஓடியது.

அவள் மறுபடியும் எழுப்பினாள்.