லைட்டா

வெல்டிங் பட்டறையில் சிலிண்டர் வெடித்து இரண்டு கண்ணிலும் அடிபட்ட சூசைக்குப் பதினெட்டாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். உருவம் கொஞ்சமாவது தெரிந்தால் இன்னொரு ஆபரேஷன் செய்யலாம், வெறும் வெளிச்சம் மட்டும் என்றால் அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் அவன் மனைவி ஆக்னஸிடம் முன்பே சொல்லியிருந்தார். வடக்கேயிருந்து வந்து தமிழ் பழகிக்கொண்டிருந்தவர் அவர். டார்ச்சை அடித்து, "என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"லைட்டாத் தெரியுது டாக்டர்," என்றான் சூசை.

டாக்டர் தலையசைத்து, வெளிச்சம் மட்டும் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். ஆக்னஸ் போய் மறித்துக்கொண்டாள்.

"லைட்டான்னா நாங்க கொஞ்சமான்னு சொல்றது டாக்டர்."

"லைட் என்றால் லைட்தானே அம்மா?"

அவள் கணவனிடம் திரும்பினாள். "ஏங்க, வெளிச்சமா, கொஞ்சமா? வாயத் தொறந்து சொல்லுங்க."

சூசை குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"முடி எங்கடி?"

அவசரத்தில் முந்தானை தலையிலிருந்து நழுவியிருந்தது. போன வாரம் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டதை அவள் அவனிடம் சொல்லவேயில்லை. இப்போதும் எடுத்து மூடிக்கொள்ளவில்லை. இன்னும் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றாள்.