தேடுகிறவர்களின் பட்டியல்

கயல்விழி, வயது ஆறு, பச்சைப் பாவாடை. மூன்றாவது முறையாக அடித்துப் பார்த்தேன். இல்லை என்றது திரை.

நாகூர் கந்தூரிக் கூட்டத்தில் காணாமல் போகிறவர்களுக்காக எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்கு இடங்களில் உதவிக் கூடம் போட்டிருந்தார்கள். சாஃப்ட்வேர் என்னுடையது. காசு வாங்காமல் செய்து கொடுத்ததால் யாரும் குறை சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

டேட்டாபேஸில் இரண்டு பட்டியல்கள். ஆளைக் காணோம் என்று தேடி வருகிறவர்கள் ஒன்றில். தனியாக நின்று எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள் இன்னொன்றில்.

வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் இன்டெக்ஸ் போட்டேன். எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று புத்தகத்தின் கடைசியில் இருக்குமே, அது மாதிரி. பெயரை அடித்தால் அந்தப் பட்டியலில் மட்டும்தான் தேடும்.

இரண்டுக்கும் சேர்த்துப் போடச் சொல்லி, கூட வேலை செய்த பரிதி மன்றாடினான். எல்லாம் பழைய லேப்டாப்புகள், திணறும் என்றேன். தேடுகிறவர்களை எவன் தேடப் போகிறான் என்றும் கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

போன் அடித்தது. கடற்கரைக் கூடத்திலிருந்து இசைவாணி.

“சுஹைப் அண்ணே, அந்தப் புள்ளயத் தேடி வந்த வேம்பம்மா இங்கயே உக்காந்து அழுவுறாங்க. இன்னும் எத்தன தடவ இல்லன்னு சொல்றது?”

பெண் குழந்தைகளின் பெயரை மைக்கில் சொல்வதில்லை என்று வைத்திருந்தோம். கண்டவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப் போய்விடுவான் என்ற பயம்தான்.

இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. பக்கத்தில் கடல்.

இன்டெக்ஸை விட்டுவிட்டு, இரண்டு பட்டியலையும் வரி வரியாகத் தேடச் சொன்னேன். எல்லாக் கூடங்களிலும் லேப்டாப்புகள் அப்படியே நின்றுபோயின. நாலு பக்கமிருந்தும் திட்டு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் இரண்டு வரிகள் வந்தன. இரண்டுமே தேடுகிறவர்கள் பட்டியலில்.

முதலாவது, அந்த அம்மா கொடுத்த பதிவு.

இரண்டாவது, அதற்குப் பத்து நிமிடம் முன்பே பேருந்து நிலையக் கூடத்தில் பதிவானது.

தேடுபவர்: கயல்விழி, திருவையாறு, வயது நாற்பத்தாறு.

தேடப்படுபவர்: அம்மா, பெயர் வேம்பு, வயது எழுபது.

அடையாளம் என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: ‘யார் கேட்டாலும், ஆறு வயது மகளைத் தேடுவதாகச் சொல்வார்.’