நெட்டைக்காரர்களுக்கு ஒரு வண்டி

பால்ஷாவின் கால் மறுபடியும் குழந்தை வண்டியின் பின் அச்சில் இடித்தது.

"இதுவும் ஆகாது," என்றான். முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. அடுத்த வண்டியை இழுத்துக்கொண்டிருந்தான்.

நிக்ஷிச் நகரில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தக் கடை. கூரை தாழ்வு. உள்ளே வந்ததிலிருந்து பால்ஷாவின் தலை விளக்கில் முட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மீட்டருக்கும் மேலே வளர்ந்தவன். அவன் மனைவி தாரிங்கா அவனைவிட ஒரு சாண் குறைவு. ஆனாலும் அவள் அண்ணாந்து பார்க்கும்படியான ஆண்கள் அந்த ஊரிலேயே அதிகம் இல்லை.

கடைக்காரி ரூஷா கையைக் கட்டிக்கொண்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு ஏத்த மாதிரி வண்டி தேடறதைவிட, உங்க ரெண்டு பேரையும் முழங்காலோட மடக்கறது சுலபம்."

தாரிங்கா சிரித்தாள். காலையிலிருந்து அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. காப்பி பொங்கி வழிந்ததற்குக்கூடச் சிரித்தாள்.

அவர்கள் கேட்டது பெரிய விஷயமில்லை. குடை மாதிரி மடங்க வேண்டும். ஒற்றைக் கையால் தூக்கும்படி இருக்க வேண்டும். வீடு ஐந்தாவது மாடியில். லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் பால்ஷாவுக்குத் தொழில். ஊரில் எல்லா லிஃப்டும் ஓடியது, அவர்கள் கட்டடத்து லிஃப்டைத் தவிர. அதே சமயம் நோஞ்சான் வண்டியாகவும் இருக்கக் கூடாது. குழாய் பதிக்கத் தோண்டிய தெருவை நகராட்சி இன்னும் மூடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூன் போடாமல் தள்ள வேண்டும்.

மூலையில் கருநீல வண்டி ஒன்று நின்றது. கைப்பிடியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான். பால்ஷா அதை அழுத்தி இழுத்தான். கைப்பிடி மேலே வந்தது. இன்னும் இழுத்தான். இன்னும் வந்தது.

நிமிர்ந்து நின்றான்.

நிமிர்ந்தபடியே கதவு வரைக்கும் நடந்தான். கால் எதிலும் இடிக்கவில்லை.

"தாரிங்கா," என்றான்.

"வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்து என்ன தெரியும்?" ரூஷா பக்கத்துக் காய்கறிக் கடைக்கு ஆளை விட்டு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வரவழைத்தாள். "பையன் எவ்வளவு எடை?"

"பத்து கிலோ," என்றான் பால்ஷா.

"பன்னெண்டு," என்றாள் தாரிங்கா, அதே நேரத்தில்.

ரூஷா இருவரையும் முறைத்தாள். "சரி, வயசாவது தெரியுமா?"

"ஒண்ணரை தாண்டிடுச்சு."

"வண்டியில தூங்குவானா? கூரை பெருசா வேணுமா?"

பால்ஷா மனைவியைப் பார்த்தான். தாரிங்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்ல அப்பா, நல்ல அம்மா," என்று முனகிக்கொண்டே ரூஷா உருளைக்கிழங்கு மூட்டையை இருக்கையில் உட்கார வைத்து, பட்டையையும் மாட்டினாள்.

வெளியே மழை ஓய்ந்திருந்தது. தாரிங்காதான் முதலில் தள்ளினாள். தோண்டிப் போட்ட மண்மேட்டின் மீது வேண்டுமென்றே ஏற்றினாள். சக்கரம் ஏறி இறங்கியது, வண்டி ஆடவில்லை. திருப்பத்தில் ஒரு கையை விட்டுவிட்டுப் பார்த்தாள். பிறகு ஓடினாள். கால்களை முழுசாக வீசி, பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஓடின மாதிரி, உருளைக்கிழங்கைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"இதுதான்," என்றாள்.

ரூஷாவுக்கு மனசு கேட்கவில்லை. "பொண்ணே, நான் விக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா இந்த இருக்கை குறுகல். உங்க ரெண்டு பேருக்கும் பொறந்தவன் அடுத்த வசந்தத்துக்குள்ள கால் தரையில தட்ட நிப்பான். இன்னொரு அளவு பெருசா எடு."

இந்த முறை தாரிங்கா சிரிக்கவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எவ்வளவு வளருவான்னு எங்களுக்கு எப்படி அக்கா தெரியும்? நாளைக்குக் காலைலதான் குழந்தைகள் இல்லத்துல இருந்து அவனை எங்களுக்குக் குடுக்கறாங்க."

தெருவில் ஒரு லாரி போனது.

ரூஷா குனிந்து மூட்டையை இறக்கினாள். வண்டியை மடக்கினாள். மடக்கியதைப் பால்ஷாவின் கையில் திணித்தாள்.

"விரி."

அவன் இரண்டு கையாலும் விரித்தான்.

"தப்பு," என்றாள் ரூஷா. "இன்னொரு கைல அவன் இருப்பான்."

பால்ஷா வண்டியை மடக்கினான். இடது கையை மடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். வலது கையால் கொக்கியை எடுத்து, காலால் தட்டினான். வண்டி பாதி விரிந்து நின்றது. மறுபடி மடக்கினான். மறுபடி தட்டினான். கடைசியில் ஒரே உதையில் அது முழுசாக விரிந்தது.

ரூஷா தலையாட்டினாள்.

அவன் வண்டியை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டான். கார் தெருவின் மறுகோடியில் நின்றது. தாரிங்கா பக்கத்தில் நடந்தாள். குட்டைகளைப் பார்த்துப் பார்த்து, வழக்கத்தைவிட மெதுவாக அவன் கால் வைத்தான்.

கார் வரைக்கும், நெஞ்சோடு மடித்த அந்த இடது கையை அவன் கீழே விடவேயில்லை.