மெழுகுவத்தி ஏற்றாத ஜன்னல்

"அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துடும்மா," என்றார் ஹோல்கர்.

காலையிலிருந்து மகள் டோர்தேயிடம் அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

போர் முடிந்து ஐம்பது வருஷம் ஆனதற்காக, டென்மார்க்கின் அந்தச் சின்னத் துறைமுக ஊர் நூலகத்தில் ஒரு கண்காட்சி. டோர்தே அங்கேதான் வேலை பார்க்கிறாள். காலமாகிவிட்ட பாட்டி ஆஸ்தாவின் டைரிப் பக்கங்களைப் பெரிதாக நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே தேதிச் செய்தித்தாளை மாட்டியிருந்தாள்.

ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஜெர்மன் படை நாட்டுக்குள் நுழைந்த நாளில் பாட்டி எழுதியிருந்தாள்: 'வானம் பூரா விமானம். கோழிகள் முட்டையிடவில்லை.' நேச நாட்டுப் படைகள் பிரான்ஸ் கடற்கரையில் இறங்கிய நாளில்: 'ஜாம் அடிப்பிடித்துவிட்டது. அவ்வளவு சர்க்கரையும் வீண்.'

சிரித்துக்கொண்டே நகர்ந்தவர்கள் எல்லாம் கடைசிப் பக்கத்தில் வந்து சிரிப்பை நிறுத்தினார்கள்.

1945 மே 5. செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் நாட்டின் விடுதலை. பாட்டியின் டைரியில்: 'தெருவில் எல்லா ஜன்னலிலும் மெழுகுவத்தி. நான் கறுப்புத் திரையைத் திரும்ப மாட்டிவிட்டேன்.'

குண்டு போடுகிறவன் கண்ணுக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று போர்க்காலத்தில் வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த திரை. விடுதலைச் செய்தி வந்ததும் ஊரே அதைக் கிழித்தெறிந்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றியது. இன்றைக்கும் வருஷா வருஷம் ஏற்றுகிறது. அன்றைக்கு ஒருத்தி மட்டும் திரையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால்?

அதுவும் யார் வீட்டில்? ஜெர்மானியரை எதிர்த்து மறைந்திருந்து போராடிய அவள் கணவர் வால்டெமாரின் வீட்டில். கையில் பட்டையும் தோளில் துப்பாக்கியுமாக லாரி மேல் நின்று சிரிக்கும் தாத்தாவின் படம் அதே சுவரில்தான் இருந்தது.

அந்தம்மாவுக்கு ஜெர்மன்காரன் போனதில் வருத்தம் போலிருக்கிறது என்று யாரோ முணுமுணுத்துவிட்டுப் போனது ஹோல்கர் காதில் விழுந்துவிட்டது.

"நான் பொறந்ததே மறுவருஷம்தான். எனக்கு என்ன தெரியும், என்னன்னு பதில் சொல்ல?" என்றார். "எங்கம்மாவை இப்படி நடு ஊர்ல நிக்க வெச்சிட்டியேம்மா."

டோர்தேவுக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. அந்தப் பக்கத்தை அவளாலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஸ்டூலில் ஏறி ஊசிகளைப் பிடுங்கினாள். பக்கம் கையோடு வந்தது.

"அதை எடுக்காதீங்க," என்று கீழேயிருந்து ஒரு குரல்.

எழுபதை நெருங்கும் ஓர் அம்மாள். பத்திரிகையில் செய்தி பார்த்துவிட்டு ஆர்ஹுஸிலிருந்து ரயிலேறி வந்ததாகச் சொன்னாள். பெயர் எலினோர்.

"அன்னிக்கு அந்தத் திரைக்கு உள்ள நான் இருந்தேன்," என்றாள்.

உட்காரவைத்தார்கள். அவள் தயங்காமல் சொன்னாள். அப்போது சின்னப் பெண். ஒரு ஜெர்மன் சிப்பாயைக் காதலித்தாள். அவனும் அவள் வயதுக்காரன்தான். ஊருக்குத் தெரியும். விடுதலை அன்று மத்தியானம் அவளைச் சந்தைத் திடலுக்கு இழுத்துப்போய், நாற்காலியில் உட்காரவைத்துத் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் பாட்டுப் பாடினார்கள். வீட்டுக்கு ஓடினால், பெற்ற தாயே கதவைத் திறக்கவில்லை.

பால் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஆஸ்தா, தன் சால்வையைக் கழற்றி அவள் தலையில் போர்த்திக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

"ஊரே என்னைப் பார்த்து என்னென்னவோ கேட்டுது. உங்க பாட்டி ஒண்ணே ஒண்ணுதாம்மா கேட்டாங்க, சாப்பிட்டியான்னு."

தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிடக்கூடாது என்றுதான் திரையை மாட்டினாள். மறுநாள் காலையில் ஆர்ஹுஸில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு அவளை அனுப்பிவைத்தாள். எலினோர் அங்கேயே வேலை தேடி, கல்யாணமும் செய்துகொண்டு, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

ஹோல்கருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் கையிலிருந்த பக்கத்தை வாங்கினார். தானே ஸ்டூலில் ஏறி, அப்பாவின் படத்தை ஒட்டினாற்போல அதை மாட்டினார்.

"இங்கதாம்மா இருக்கணும் இது," என்றார். "எங்கப்பா வெளிய நாட்டைக் காப்பாத்தியிருக்காரு. எங்கம்மா வீட்டுக்குள்ள ஒரு பொண்ணைக் காப்பாத்தியிருக்காங்க. பொருத்தமான ஜோடி."

எலினோருக்குத் தன் கையாலேயே காப்பி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டோர்தே மட்டும் யோசித்துக்கொண்டே நின்றாள். தாத்தா சொன்னால் கேட்கிற ஊர் அது.

"பாட்டி எதுக்கு அவ்வளவு பயந்தாங்க? தாத்தா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் அடங்கியிருப்பாங்களே?"

எலினோர் ஹோல்கர் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் காதில் விழாது என்று தெரிந்த பிறகே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உங்க தாத்தா சாயங்காலம் பாடிக்கிட்டேதாம்மா வீட்டுக்குள்ள வந்தாரு. அவரு கோட்டுக் கையில என் முடி ஒட்டிக்கிட்டிருந்துது."