சேவியரின் கைராசி

"என் வெரல தூக்கி பட்டன்ல வைக்கா," என்றான் அருண் சேவியர்.

ஆரோக்கிய ஜெனிபர் லேப்டாப்பைத் தம்பியின் கட்டிலுக்கே கொண்டுவந்திருந்தாள். கடைசி நேரம் ஐந்து மணி. இப்போது நாலு நாற்பது.

தெருவில் யார் விண்ணப்பம் போட்டாலும் கடைசிப் பட்டனை அழுத்துவது சேவியர்தான். கைராசிக்காரன். அவன் அழுத்தித்தான் பக்கத்து வீட்டு பாக்யராஜுக்கு பாஸ்போர்ட் வந்தது, ஜெனிபருக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்தது.

தசைச் சிதைவு நோய் அவன் கால்களை முடித்துவிட்டு இப்போது கைக்கு வந்திருந்தது. போன் திரையைத் தடவுவான். பட்டனை அழுத்தத் தெம்பில்லை.

அந்த நோயை ஆராயத்தான் ஜெனிபரின் இந்த விண்ணப்பம். எம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு. வில்லியனூரிலிருந்து இரண்டு நாள் ரயில். ஆறு வருடம்.

"ஆறு வருசமா? எனக்கு மேலேர்ந்து அவ்ளோ நாளு லீவு தர மாட்டாங்களே!"

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை.

போன மாதம் அவனுக்கு எடுத்த இதய ஸ்கேனைப் படித்தவள் அவள். அவனுக்கு மிஞ்சியது இரண்டு வருடம். மாதா மனசு வைத்தால் மூன்று. யாரிடமும் சொல்லாமல், அந்தக் காகிதத்தை பீரோவில் பைபிளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு கட்டத்தையும் நான்காவது முறையாகச் சரிபார்த்தாள். அவன் விரலை எடுத்து வைத்து, மேலே தன் விரலால் அழுத்தினாள்.

"போயிடுச்சுடா." லேப்டாப்பை மூடினாள்.

தலையணையருகே சேவியரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். வயலிலிருந்து அப்பா சவரிராயன்.

"இன்னா பாப்பா, அனுப்பிட்டியா?"

"சேவியரு அழுத்திட்டான்பா."

அப்பா வைத்துவிட்டார். சேவியர் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்நேரமும் போனும் கையுமாக வீட்டில் இருப்பவன் என்று, எல்லாப் படிவங்களிலும் அவன் எண்ணைக் கொடுப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். விண்ணப்பம் போன அரை நிமிடத்தில் அவனுக்கு மெசேஜ் வந்துவிடும். இதிலும் கை தன்னால் அந்த எண்ணையே போட்டிருந்தது.

ஒரு நிமிடம். மூன்று. ஐந்து.

"டவர் இல்ல போலக்கா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அப்பா பேசிய போனில் டவர் இல்லையாம்.

"இன்னும் எட்டு நிமிசம் கீது. தொற. இந்த வாட்டி சரியான பட்டன்ல வை."

திறந்தாள். 'சேமி' என்பதிலேயே நின்றிருந்த அம்பை 'அனுப்பு' என்பதற்கு நகர்த்தினாள். அவன் விரலை வைத்தாள். அழுத்த அவளுக்கும் தெம்பில்லை. கடைசி நிமிடத்தில் அழுத்தினாள்.

போனில் மெசேஜ் ஒலித்தது.

"வந்துடுச்சு," என்றான் சேவியர். "இந்த நம்பருக்கு எல்லாம் வரும்க்கா. போன மாசம் ஸ்கேன் ரிப்போர்ட்டு கூட வந்துச்சு."