ஒரு கைப்பிடி கொழுந்து

“எம் புள்ளையக் கொழுந்து பறிக்கச் சொன்ன டீச்சர் யாருங்க?”

வகுப்பு வாசலில் நின்று கேட்டாள் வீரம்மா. இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

டயகமவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் மகள் வினோதா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் ஊர்மிளா டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவள்.

“நான்தான் சொன்னனான். பரிசோதனைக்கு ஆளுக்கொரு கைப்பிடி கொண்டு வாங்கோ எண்டு. ஏன் அம்மா?”

“ஏனா? வர்ற வழியில இவ பறிச்சத எல்லாரும் பாத்திருக்காளுக. கொழுந்து நிறுக்குற எடத்துல வச்சு, ‘என்ன வீரம்மா, மகளுக்கும் தோட்டத்துல பேர் பதிஞ்சாச்சா’ன்னு நக்கல் பண்றாளுக.”

பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன் களுக்கென்று சிரித்தான். வீரம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

“எங்கம்மாவும் ‘ஒரு கைப்பிடிதானே, சும்மா பறி’ன்னுதான் என்னைய மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. அன்னைக்கு நீட்டுன கை இன்னும் நிக்கல. இவ கையில கொழுந்து படக்கூடாதுன்னுதான் நான் இந்தக் குளிர்ல ஏறி எறங்குறேன். நீங்க படிப்புன்னு சொல்லி அதையே கையில குடுத்தா எப்படிங்க?”

“கோவிக்காதேங்கோ. ஒருக்கா இதைப் பாருங்கோ.” டீச்சர் ஒரு தாளை எடுத்தாள். “வெளிநாட்டு ஆசிரியர்மார் இன்டர்நெட்டில இலவசமாப் போடுற பாடம். ஹட்டனுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தனான். வெட்டின ஆப்பிள் ஏன் கறுக்குது எண்டு காட்டச் சொல்லியிருக்கினம். இத்தனை பிள்ளையளுக்கு ஆப்பிளுக்கு நான் எங்க போறது? கசக்கின கொழுந்தும் அப்பிடித்தானே கறுக்கும்.”

“ஆப்பிள வெட்டச் சொல்லி அந்த ஊர்ல புள்ளைங்க கையிலயா கத்தியக் குடுக்குறாங்க?”

டீச்சர் தாளைப் பார்த்தாள். சற்றுத் தயங்கி வாசித்தாள்.

“இல்லை. ‘கவனம்: கத்தியைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். பெரியவர்களே வெட்டித் தரவும்’ எண்டு போட்டிருக்கு.”

“பாத்தீங்களா? அவங்க புள்ளைங்கன்னா மட்டும் கவனம்.” வீரம்மா உள்ளே கையை நீட்டினாள். “வாடி. நாளையிலருந்து இந்தப் பள்ளிக்கூடமே வேணாம். அக்கரப்பத்தனையில சேத்துக்கிறேன்.”

வினோதா அழுதுகொண்டே எழுந்து போனாள்.

சத்தம் கேட்டு வந்த பள்ளிக்கூட அதிபர் செல்லசாமி சிரித்தார். அவரும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான்.

“விடுங்க டீச்சர். இந்தச் சனத்துக்கு விஞ்ஞானம் எங்க வெளங்கப் போகுது?”

டீச்சர் தாளை மடித்து வைத்தாள். மேசையில் குவிந்திருந்த கொழுந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பரிசோதனை நடக்கவில்லை.

சாயந்திரம் டீச்சர் வீரம்மாவைத் தேடி லயத்துக்குப் போனாள்.

“பிழை என்னிலதான் அம்மா. நான் அதை வெறும் இலை எண்டு நினைச்சிட்டன்.”

வீரம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். டீச்சர் குடித்த கோப்பையை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

“அதுல புள்ளைங்க என்னாத்தக் கத்துக்கும்?”

“கசக்கின கொழுந்து ஏன் நிறம் மாறுது எண்டு.”

“இத்தன காலமா பறிக்கிறேன். ஏன்னு எனக்கே தெரியாதுங்க.”

மறுநாள் பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே வீரம்மா வந்துவிட்டாள். ஒரு கையில் மகள், இன்னொரு கையில் துணி மூட்டை.

“கங்காணிகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். வகுப்புக்கே போதும். இனிமே வேணும்னா எங்கிட்ட கேளுங்க, புள்ளைங்கள மட்டும் தேயிலைப் பத்தைக்குள்ள விடாதீங்க.”

கசக்கிய கொழுந்து எல்லா மேசையிலும் மெல்லச் செம்பு நிறமானது. கொதிநீரில் போட்டு எடுத்துக் கசக்கியது மட்டும் பச்சையாகவே கிடந்தது.

“ஏன்?” என்றாள் டீச்சர்.

வினோதா எழுந்தாள். “கொழுந்தக் கறுக்க வைக்கிற நொதியம் சுடுதண்ணியில அழிஞ்சிருச்சு டீச்சர். காத்துல ஒட்சிசன் இருந்தும் அதால ஒண்ணும் பண்ண முடியல.”

மலைக்கு வேலைக்குப் போக நேரமாகியும் வாசலை விட்டு நகராமல் நின்றாள் வீரம்மா.

அடுத்த தவணை பெற்றோர் கூட்டம். அதிபர் செல்லசாமி புதுக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

“நம்ம பள்ளிக்கூடத்துப் பாடம் இப்ப இன்டர்நெட்ல இருக்கு. ஊர்மிளா டீச்சர் எழுதி அனுப்பி, அந்த வெளிநாட்டுக்காரங்களே போட்டிருக்காங்க. உலகத்துல எந்த டீச்சரும் இலவசமா எடுத்துப் படிப்பிக்கலாம். அப்பவே சொன்னேன், நம்ம சனத்துக்கு விஞ்ஞானம் நல்லா வெளங்கும்னு.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

“கென்யாவுலருந்து ஒரு டீச்சர் பதில் போட்டிருக்காங்க,” என்று தமிழில் சொல்லிக்கொண்டே போனார் அதிபர். “‘எங்கள் பள்ளிக்கூடமும் தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் பாடத்தை அப்படியே செய்தோம். முதல் வரியை வாசித்ததும் வாசலில் நின்ற தாய்மார் எல்லோரும் கை தட்டினார்கள்.’”

கடைசி வாங்கிலிருந்து வீரம்மா கேட்டாள். “அது என்னா வரிங்க?”

அதிபர் பாடத்தாளைப் புரட்டித் தடுமாறினார். டீச்சர் அதை வாங்கி வினோதாவிடம் கொடுத்தாள்.

வினோதா அம்மாவைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

“கவனம்: கொழுந்தைப் பிள்ளைகளிடம் பறிக்கச் சொல்ல வேண்டாம். பெரியவர்களே பறித்துத் தரவும்.”